விமானக் கணக்குகளோடு ஒரு பருவம்: ஒரு கணித வகுப்பின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

14, 15 வயது மாணவர்கள் படிக்கும் ஒரு கணித வகுப்பு. விகிதம், இயற்கணித முற்றொருமைகள், பித்தாகரஸ் தேற்றம் எல்லாம் நடத்தி முடித்தாகிவிட்டது. முக்கோணவியல் அப்போதுதான் தொடங்கியிருந்தது. பாடம் எடுத்தவர் நல்ல அனுபவமுள்ள ஆசிரியை. அதே பள்ளியில் கணிதம் நடத்தும் நான், நேரம் கிடைத்தபோதெல்லாம் பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். யாருடைய பெயரும் அடையாளமும் இதில் இல்லை.

விமானத்தை வைத்துக் கணிதம் சொல்லித்தருவது புதிய யோசனை இல்லை. பெரும்பாலும் அது காகித விமானம் மடித்துப் பறக்கவிட்டு, விழுந்த தூரத்தை அளந்து, சராசரி எடுப்பதோடு முடிந்துவிடும். பிள்ளைகளுக்கு அன்று உற்சாகம்தான். மறுநாள் பாடம் பழையபடி ஆகிவிடும். ஆசிரியைக்கு அதில் ஈடுபாடு இல்லை.

அவருடைய கவலை வேறு இடத்திலிருந்து வந்தது. முந்தைய தேர்வுத் தாள்களைத் திருத்தும்போது, செய்முறை சரியாக இருந்தும் விடை நடக்கவே முடியாததாக இருப்பதை அடிக்கடி பார்த்தார். சுவரில் சாய்த்து வைத்த ஏணி, தன் நீளத்தைவிட உயரமான இடத்தைத் தொட்டது. நடந்து போகிறவர் மணிக்கு 240 கிலோமீட்டர் வேகத்தில் போனார். எங்கோ ஒரு பூஜ்யம் கூடிவிடுவது யாருக்கும் நடக்கக்கூடியதுதான். எழுதியவருக்கு அந்த விடையைப் பார்த்து ஒரு சந்தேகமும் வரவில்லை என்பதுதான் அவரை உறுத்தியது.

"கணக்கு முடிஞ்சதும் பேனாவை வச்சிடுறாங்க. விடையை ஒரு தடவை திரும்பிப் பார்க்கிற பழக்கமே இல்லை" என்றார் ஆசிரியர் அறையில்.

விமான ஓட்டத்தில் அந்தப் பழக்கம் தொழிலோடு ஒட்டியே வருகிறது. கருவி ஒரு எண்ணைக் காட்டும். விமானி மனக்கணக்கில் இன்னொரு எண்ணை வைத்திருப்பார். இரண்டும் ஒத்துவரவில்லை என்றால் ஏதோ கோளாறு. ஆசிரியை விமானத்தைத் தேர்ந்தெடுத்தது அதற்காகத்தான். இயற்பியல் ஆசிரியருக்கு இதில் அரைமனம். "காற்று, திசை, வேகம்னு என் பாடத்தைத்தான் எடுக்கப் போறீங்க. கணக்கு எங்கே வரும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி என்று ஆசிரியை அதைக் குறித்துக்கொண்டார்.

தொடக்கம்: ஓடுபாதை எண்கள்

முதல் பாடத்துக்கு எடுத்துக்கொண்டது ஓடுபாதைகளின் இரு முனைகளிலும் பெரிதாக எழுதியிருக்கும் எண்கள். திசைகாட்டி ஊசி காட்டும் காந்த வடக்கிலிருந்து கடிகாரச் சுற்றில் அளந்த திசைக்கோணத்தை அருகிலுள்ள பத்துக்கு முழுமையாக்கி, கடைசிப் பூஜ்யத்தை விட்டுவிட்டால் அந்த எண் கிடைக்கும். கிழக்கு நோக்கிய முனை 09, அதே பாதையின் எதிர்முனை 27. "ஏன் எப்போதும் 18 வித்தியாசம்?" என்பது முதல் கேள்வி. எதிர்த்திசை என்றால் 180 பாகை, அதில் பத்தில் ஒரு பங்கு 18. சீக்கிரமே பிடித்துவிட்டார்கள்.

அடுத்த கேள்வியில்தான் வகுப்பு கொஞ்சம் தடுமாறியது. திசைக்கோணம் 4 பாகை என்றால் என்ன எண்? முழுமையாக்கினால் 0. ஆனால் 00 என்று ஓடுபாதை கிடையாது, அது 36. "அப்போ பூஜ்யமும் 36-ம் ஒண்ணா?" என்று ஒரு மாணவி கேட்டாள். இந்தச் சுற்றில் ஒன்றுதான். ஒரு சுற்று முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து எண்ணும் மட்டு எண்கணிதம் என்ற பெயரைச் சொல்லாமலேயே அதன் வாசலுக்கு வந்துவிட்டார்கள். காந்த வடக்கு மெல்ல நகர்வதால் இந்த எண்களும் காலப்போக்கில் மாறும் என்பதற்கு, 2009-இல் லண்டன் ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்தின் ஓடுபாதை 05/23 என்பதிலிருந்து 04/22 ஆனதை ஆசிரியை எடுத்துக்காட்டாகச் சொன்னார். நிலத்தில் ஓடுபாதை அசையவில்லை, எண் மட்டும் மாறியது என்பது சிலருக்கு நம்ப முடியாததாக இருந்தது.

அந்த முதல் சில வகுப்புகளில் நான் கவனித்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விமானப் பிரியர்கள் மூன்று நான்கு பேர் பேச்சை முழுக்கக் கைப்பற்றிக்கொண்டார்கள். விமான வகைகளின் பெயர், எந்த இயந்திரம், எத்தனை இருக்கை எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. விமானத்தில் ஏறியே இராத பிள்ளைகள் இது தங்களுக்கான பேச்சில்லை என்பதுபோல் ஒதுங்கி உட்கார்ந்தார்கள். அந்த விமானப் பிரியர்களில் ஒருவன் இயற்கணிதத்தில் மிகவும் திணறுபவன். விமான அறிவு அதை மூடி மறைத்தது.

ஆசிரியை எடுத்த முடிவு எளிமையானது. விமானத்தின் பெயர், படம், காணொளி எல்லாவற்றையும் நீக்கிவிட்டார். இனி பலகையில் வெறும் 'விமானம்' மட்டும். வேகம், திசை, காற்று என்று மூன்று எண்கள். விமானப் பிரியர்களுக்கு ஏமாற்றம். மற்றவர்கள் பேசத் தொடங்கினார்கள். விமானத்தின் கவர்ச்சி எப்படியும் இரண்டு மூன்று வகுப்புகளுக்கு மேல் தாங்காது என்பது என் எண்ணம். அதை முன்கூட்டியே கழற்றிவிட்டது நல்லதாகப் போயிற்று.

எதிர்பார்ப்பு வரி

இதே கட்டத்தில் இன்னொரு விதியும் வந்தது. எந்தக் கணக்கையும் தொடங்குமுன், விடை ஏறத்தாழ எவ்வளவு இருக்கும், ஏன் என்று ஒரு வரி எழுத வேண்டும். விடை அந்த வரியிலிருந்து மிகவும் விலகினால், எது தப்பு என்று இன்னொரு வரி.

முதலில் இது கேலிக்கூத்தாகத்தான் இருந்தது. ஒரு நோட்டில் எதிர்பார்ப்பு வரி: 'ஏறத்தாழ 116.2'. கீழே விடை: 116.19. கணக்கைப் போட்டு முடித்த பிறகு மேலே விட்டுவைத்த இடத்தில் எழுதியது என்பது பார்த்ததுமே தெரிந்தது. ஆசிரியை திட்டவில்லை. மறுநாளிலிருந்து எதிர்பார்ப்பைப் பக்கத்திலிருப்பவரிடம் வாயால் சொல்ல வேண்டும், அதை அவர் தன் நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும் என்று மாற்றினார். ஏமாற்றுவது நின்றது. அதைவிட, 'ஏன் அப்படி நினைக்கிற?' என்ற கேள்வி பக்கத்து இருக்கையிலிருந்தே வரத் தொடங்கியது.

காற்றோடு போய்வரும் பயணம்

பருவத்தின் மிகச் சிறந்த வகுப்பு எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

கேள்வி இது. 450 கடல் மைல் தொலைவில் ஓர் ஊர். காற்றில்லாதபோது விமானத்தின் வேகம் 120 நாட், அதாவது மணிக்கு 120 கடல் மைல். ஒரு கடல் மைல் 1,852 மீட்டர் என்பதை ஏற்கெனவே பார்த்திருந்தார்கள். போகும்போது 30 நாட் பின்காற்று. திரும்பும்போது அதே காற்று எதிர்க்காற்று. காற்றே இல்லாத நாளோடு ஒப்பிட்டால், மொத்தப் பயண நேரம் கூடுமா, குறையுமா, மாறாதா?

வகுப்பில் பெரும்பாலோர் கை தூக்கியது 'மாறாது' என்பதற்கு. போகும்போது கிடைத்தது திரும்பும்போது போய்விடும், கணக்கு நேராகிவிடும் என்பது அவர்கள் வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆசிரியை மறுக்கவில்லை, "சரி, போட்டுப் பாருங்க" என்று விட்டுவிட்டார்.

காற்றில்லாமல்: 900 கடல் மைலை 120-ஆல் வகுத்தால் 7.5 மணி நேரம். காற்றோடு: போகும்போது தரைவேகம் (தரையை வைத்து அளந்த வேகம்) 150, நேரம் 3 மணி, திரும்பும்போது தரைவேகம் 90, நேரம் 5 மணி. மொத்தம் 8 மணி நேரம்.

அரை மணி நேரம் எங்கிருந்து முளைத்தது என்று வகுப்பு கொஞ்ச நேரம் விழித்தது. சிலர் வகுத்தலைத் திரும்பப் போட்டார்கள். எப்போதும் பேசாத ஒரு மாணவன்தான் சொன்னான்: "மிஸ், பின்காற்று மூணு மணி நேரம்தான் உதவி பண்ணுது. எதிர்க்காற்று அஞ்சு மணி நேரம் படுத்துது."

அதற்குமேல் தெளிவாக இதைச் சொல்ல முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. வேகங்களின் சராசரி 120-தான். ஆனால் இரண்டு வேகங்களிலும் செலவழிந்த நேரம் சமம் இல்லை. சம தூரங்களுக்குச் சராசரி வேகம் என்பது இசைச் சராசரி, அதாவது தலைகீழ் எண்களின் சராசரியை மறுபடி தலைகீழாக்கியது; அந்தச் சொல்லை ஆசிரியை அதன் பிறகுதான் பலகையில் எழுதினார். 900-ஐ 8-ஆல் வகுத்தால் 112.5; 150, 90 ஆகியவற்றின் இசைச் சராசரியும் அதுவே.

அடுத்து ஒருத்தி, யாரும் கேட்காமலேயே, காற்றின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனாள். 60 நாட் என்றால் 2.5 மணி, 7.5 மணி, மொத்தம் 10. 90 நாட் என்றால் மொத்தம் 17-ஐத் தாண்டியது. 120 நாட் என்றால்? "திரும்பி வரவே மாட்டாங்க!" என்று இரண்டு மூன்று குரல்கள் ஒரே நேரத்தில். பூஜ்யத்தால் வகுக்கக் கூடாது என்ற விதியைப் பல ஆண்டுகளாக மனப்பாடமாகச் சொல்லிவந்த வகுப்பு அது. இப்போது ஒரு விமானம் அந்தரத்தில் அசையாமல் நிற்பதாக அதைப் பார்த்தது.

பிறகு இயற்கணிதம். தூரம் தூ, விமானத்தின் வேகம் வி, காற்றின் வேகம் கா என்று வைத்துக்கொண்டார்கள். மொத்த நேரம், தூ ÷ (வி + கா) உடன் தூ ÷ (வி − கா). கூட்டினால் 2 × தூ × வி ÷ (வி² − கா²). காற்றில்லாத நேரமான 2 × தூ ÷ வி-யோடு ஒப்பிட்டால், அது 1 ÷ (1 − (கா/வி)²) மடங்கு. இங்கே கா/வி கால் பங்கு, எனவே 16/15 மடங்கு, 7.5-ஐ 16/15-ஆல் பெருக்கினால் 8. எட்டாம் வகுப்பிலிருந்து பார்த்துவரும் (அ + ஆ)(அ − ஆ) முற்றொருமை ஒரு வேலையைச் செய்வதை அன்றுதான் பலரும் பார்த்தார்கள். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும், அதன் வேகம் விமானத்தின் வேகத்தைவிடக் குறைவாக இருக்கும்வரை, அந்த மடங்கு 1-ஐவிடக் கூடுதல்தான் என்பதும் அந்தச் சமன்பாட்டிலேயே தெரிந்தது.

காற்று பக்கவாட்டில் அடித்தால்? எதிர்பார்ப்பு வரிகளில் பாதிக்குமேல் 'மாற்றமில்லை' என்றே இருந்தது. விமானம் பாதையிலேயே இருக்க மூக்கைக் காற்றின் பக்கம் சற்றுத் திருப்பியாக வேண்டும். 120 கர்ணம், 30 ஒரு பக்கம். மீதிப் பக்கம் 116.19. நேரம் ஏறத்தாழ 7 மணி 45 நிமிடம். குறுக்குக்காற்றும் நேரத்தைக் கூட்டுகிறது. ஆனால் நேர்க்காற்றைவிடக் குறைவாக. திருப்பிய கோணத்தின் சைன் 30/120, கோணம் ஏறத்தாழ 14.5 பாகை. இயற்பியல் ஆசிரியர் அன்று வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை, வகுப்பு முடிந்து அந்தக் கேள்வித்தாளின் பிரதி ஒன்றை வாங்கிக்கொண்டு போனார்.

சிக்கல்: கோணம் எங்கிருந்து தொடங்குகிறது?

இந்த முயற்சியில் மிகப் பெரிய தொல்லை வந்தது திசைக்கோணத்தால்.

கணிதப் பாடத்தில் கோணம் கிழக்குப் பக்க அச்சில் தொடங்கி, கடிகாரத்துக்கு எதிராகச் சுற்றும். விமானத்தில் வடக்கில் தொடங்கி, கடிகாரச் சுற்றில் போகும். இது தெரிந்ததுதான், ஆசிரியை முதல் நாளே சொல்லியிருந்தார். சொன்னது போதவில்லை.

விமானம் எவ்வளவு கிழக்கே போயிற்று, எவ்வளவு வடக்கே போயிற்று என்று பிரித்துக் காணும் பாடத்தில் முதல் எடுத்துக்காட்டு 045 திசை, 100 கடல் மைல். கிழக்கே 70.7, வடக்கே 70.7. எல்லாருக்கும் விடை சரி. அடுத்தது 030 திசை. கிழக்கே 50, வடக்கே 86.6 வர வேண்டும். வகுப்பில் பெரும்பகுதி கிழக்கே 86.6, வடக்கே 50 என்று எழுதியது. வழக்கம்போல கிடைத்திசைக்குக் கொசைன், செங்குத்துக்குச் சைன் என்று போட்டிருந்தார்கள். 45 பாகையில் சைனும் கொசைனும் ஒன்றே என்பதால் முதல் எடுத்துக்காட்டு இந்தத் தவற்றை முழுக்க மறைத்துவிட்டது. எளிதாக இருக்கட்டும் என்று தேர்ந்தெடுத்த எண்ணே காலை வாரிவிட்டது.

சரிபார்ப்பும் கைகொடுக்கவில்லை என்பது இன்னும் சுவாரசியம். ஒரு மாணவி பித்தாகரஸ் வைத்துச் சரிபார்த்தாள். 86.6-இன் வர்க்கமும் 50-இன் வர்க்கமும் கூடினால் 10,000, மூலம் 100. "சரியாத்தானே வருது மிஸ்?" என்று நிமிர்ந்தாள். தூரம் சரிதான், இடம்தான் வேறு. 030 என்றால் வடக்கை ஒட்டியே போகிறோம், வடக்குத்தான் பெரிய எண்ணாக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு வரி இருந்திருந்தால் உடனே பிடிபட்டிருக்கும். அந்தப் பாடத்தில் அவசரத்தில் வரியைக் கேட்காமல் விட்டிருந்தார்கள்.

காற்றின் திசை இதை இன்னும் சிக்கலாக்கியது. விமானத்தின் திசை அது எங்கே போகிறது என்பதைச் சொல்லும். காற்றின் திசை அது எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லும். விமானம் 270, காற்று 270 என்றால் எதிர்க்காற்று. "ரெண்டும் 270, அப்போ கூடவே வருது" என்று பலர் வேகத்தைக் கூட்டிவிட்டார்கள். அதோடு, காலையில் காற்று 350, மாலையில் 010, சராசரித் திசை என்ன என்ற கேள்விக்குக் கூட்டி இரண்டால் வகுத்து 180 என்று எழுதினார்கள். வடக்குக் காற்று இரண்டின் சராசரி தெற்குக் காற்று! இதை வகுப்பே சிரித்துத் திருத்திக்கொண்டது. ஆனால் ஏன் தப்பு என்று விளக்க அம்புகளை வரைந்து, தலை வால் சேர்த்துக் கூட்ட வேண்டியிருந்தது. திசையன் கூட்டலுக்கு அதைவிட நல்ல அறிமுகம் எனக்கு நினைவில்லை.

ஆசிரியை முன் இரண்டு வழிகள் இருந்தன. திசைக்கோணத்தை 90-இலிருந்து கழித்து, குறை எண் வந்தால் 360 கூட்டி, கணிதக் கோணமாக மாற்றும் சூத்திரத்தை முதலிலேயே கொடுத்துவிடலாம். அல்லது இரண்டு முறைகளையும் அருகருகே வைத்துப் போராடவிடலாம். சூத்திரம் கொடுத்தால் மனப்பாடம் செய்யும் பட்டியலில் இன்னொன்று சேரும், படம் வரைவது நின்றுவிடும் என்று இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். கூடவே ஒரு நிபந்தனை: எந்தப் படத்திலும் கோணம் தொடங்கும் கோடு வரையப்பட்டிருக்க வேண்டும், கோண வில்லில் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று அம்புக்குறி இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத படத்துக்கு மதிப்பெண் இல்லை. சில வாரம் கழித்து மாணவர்களே அந்த 90 கழிக்கும் விதியைக் கண்டுபிடித்தார்கள். 240 திசைக்கு மைனஸ் 150 வந்தபோது, அதையே 210 என்று எழுதலாம் என்பதற்கு ஓடுபாதை 36-ஐ ஒருவன் நினைவுபடுத்தினான்.

1983: எரிபொருள் கணக்கு

அலகுகளுக்காக ஓர் உண்மைச் சம்பவத்தை எடுக்க விரும்பினார் ஆசிரியை. விபத்துகளைப் பற்றிப் பேசுவதில் அவருக்குத் தயக்கம் இருந்தது. உயிரிழப்பு இல்லாத ஒன்றைத்தான் தேர்ந்தெடுப்பேன் என்றார். 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் 143-ஆம் எண் விமானம், ஒரு போயிங் 767, 41,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது எரிபொருள் தீர்ந்துபோனது. இரண்டு இயந்திரங்களும் நின்ற பிறகு, கனடாவின் கிம்லி என்ற ஊரிலிருந்த பழைய விமானப்படைத் தளத்தில் சறுக்கியே இறக்கினார்கள். 69 பேரும் பிழைத்தார்கள்.

எரிபொருள் அளவுகாட்டி வேலை செய்யாததால் குச்சி வைத்து அளந்திருந்தார்கள். தொட்டியில் இருந்தது 7,682 லிட்டர். பயணத்துக்குத் தேவை 22,300 கிலோகிராம். இன்னும் எத்தனை லிட்டர் நிரப்ப வேண்டும்? ஆசிரியை அன்று பயன்படுத்திய எண்ணை அப்படியே கொடுத்தார்: 1.77. அது எதன் அலகு என்று சொல்லவில்லை.

மாணவர்கள் போட்டார்கள். 7,682-ஐ 1.77-ஆல் பெருக்கினால் 13,597. மீதி 8,703. அதை 1.77-ஆல் வகுத்தால் 4,917 லிட்டர். வகுப்பு முழுக்க ஒரே விடை, எல்லாருக்கும் திருப்தி. அன்று தரையில் நின்றவர்களும் ஏறத்தாழ இதே எண்ணுக்குத்தான் வந்தார்கள்.

"1.77 என்ன?" என்று கேட்டபோதுதான் அமைதி. ஒரு லிட்டர் எரிபொருளின் எடை என்றார்கள். கிலோகிராமிலா? யாரோ ஆமாம் என்றார்கள். அப்புறம் ஒரு மாணவி மெதுவாக: "ஒரு லிட்டர் தண்ணியே ஒரு கிலோதானே. விமான எரிபொருள் மண்ணெண்ணெய் மாதிரிதானே, அது தண்ணியில மிதக்கும். அது எப்படி 1.77 கிலோ இருக்கும்?"

அது பவுண்டு. கிலோகிராமில் ஏறத்தாழ 0.803. அந்தக் கணக்கில் இருப்பு 6,169 கிலோகிராம்தான். நிரப்பியிருக்க வேண்டியது 20,000 லிட்டருக்கும் மேல். ஏர் கனடா அப்போதுதான் மெட்ரிக் அலகுக்கு மாறிக்கொண்டிருந்தது, பழக்கம் எல்லாம் பவுண்டில் என்பதை ஆசிரியை விளக்கினார். மாணவர்களின் பெருக்கலிலும் வகுத்தலிலும் ஒரு தப்பும் இல்லை என்பதையும் அழுத்திச் சொன்னார். தேர்வுத்தாளில் அவர் பார்த்த ஏணிக்கும் இதற்கும் உள்ள உறவை அவர் எடுத்துச் சொல்லவே தேவைப்படவில்லை.

சறுக்கல் கணக்கையும் செய்து பார்த்தார்கள். 10 கடல் மைல் போவதற்குள் 5,000 அடி இறங்குகிறது என்று துணை விமானி கணித்திருந்தார். ஒரு கடல் மைல் ஏறத்தாழ 6,076 அடி. விகிதம் ஏறத்தாழ 12-க்கு 1. அந்த விகிதத்தில்தான் முதலில் போக நினைத்த வின்னிபெக் நகரம் எட்டாது, கிம்லி எட்டும் என்று முடிவானது.

ஓய்வுபெற்ற விமானியின் வருகை

பருவத்தின் பிற்பகுதியில் ஒரு மாணவனின் உறவினரான ஓய்வுபெற்ற விமானி ஒரு வகுப்புக்கு வந்தார். கதை சொல்ல வேண்டாம், கணக்கு சொல்லுங்கள் என்று ஆசிரியை முன்பே கேட்டுக்கொண்டிருந்தார். அவர் தந்தவை இரண்டு மனக்கணக்குகள். இறங்கும்போது தரைவேகத்தை 5-ஆல் பெருக்கினால், 3 பாகைச் சரிவுக்கு நிமிடத்துக்கு எத்தனை அடி இறங்க வேண்டும் என்று கிடைக்கும். 60 கடல் மைல் தூரத்தில் 1 பாகை பிசகினால், பாதையிலிருந்து 1 கடல் மைல் விலகியிருப்போம்.

140 நாட் வேகத்துக்கு முதல் விதி 700 அடி என்கிறது. டேன் 3 பாகை வைத்துப் போட்டால் ஏறத்தாழ 743. "சார், 43 அடி தப்பா வருதே?" என்றான் ஒருவன்.

"தப்புத்தான் தம்பி. ஆனா கருவி 1,500 காட்டினா, எனக்கு அந்த 700 போதும்" என்றார்.

இரண்டாவது விதியைப் பின்தொடர்ந்தது ஆசிரியையின் யோசனை. விதி சொல்வது, கோணத்தை 60-ஆல் வகுத்தால் சைன் ஏறத்தாழ கிடைக்கும் என்று. எவ்வளவு பெரிய கோணம்வரை இது தாங்கும்? வரைபடத்தாளில் சைன் வளைவையும், கோணம் ÷ 60 என்ற நேர்க்கோட்டையும் ஒன்றாக வரைந்தார்கள். சின்னக் கோணங்களில் கோடு வளைவுக்குச் சற்றுக் கீழே. 20 பாகையில் 0.333-க்கு 0.342. 30 பாகையில் இரண்டும் மிகச் சரியாக 0.5. அங்கே வெட்டிக்கொண்டு, பிறகு கோடு மேலே விலகிப் போகிறது. 45 பாகையில் 0.75-க்கு 0.707. விதி சின்னக் கோணத்தில்தான் நன்றாக இருக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு 30-இல் அது துல்லியமாகப் பொருந்தியது வியப்பு. விமானிக்கும்தான்; இத்தனை ஆண்டு பயன்படுத்தியும் அதைக் கவனித்ததில்லை என்றார். ஏன் 60, உண்மையில் அது 57.3 அல்லவா என்ற பேச்சு, ஏறத்தாழ 57.3 பாகைக்குச் சமமான கோண அலகான ரேடியன் பக்கம் இழுத்தது. அதற்குள் மணி அடித்துவிட்டது.

விளைவு

இதை ஒப்பீட்டு ஆய்வாக யாரும் வடிவமைக்கவில்லை. மதிப்பெண்களை வைத்து எதையும் நிறுவ முடியாது. பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

பருவத் தேர்வில் விமானமே இல்லை. ஆற்றில் படகு எதிர்நீச்சலும் உடன்நீச்சலுமாகப் போய்வரும் கணக்கு ஒன்று இருந்தது. சராசரி வேகத்தை நேரடியாகக் கூட்டி இரண்டால் வகுக்கும் தவறு முன்பைவிட மிகவும் குறைந்திருந்தது. பல தாள்களில் கேட்காமலேயே ஓரத்தில் எதிர்பார்ப்பு வரி இருந்தது. ஒரு தாளில், உயரமும் தூரமும் கணக்கில் மாணவன் தவறான விடைக்கு வந்து, கீழே 'இது கட்டடத்தைவிட உயரமாக இருக்கிறது, எங்கோ தப்பு, நேரம் இல்லை' என்று எழுதியிருந்தான். ஆசிரியை அந்த வரிக்கு மதிப்பெண் போட்டார். போடலாமா என்று எங்களுக்குள் ஒரு வாக்குவாதமும் நடந்தது. நான் போடலாம் என்ற பக்கம்.

நட்டமும் உண்டு. ஆயத்தொலை வடிவியல் கேள்வியில் சிலர் கோணத்தை மேல்நோக்கிய அச்சிலிருந்து கடிகாரச் சுற்றில் அளந்திருந்தார்கள். விமானப் பாடத்துக்கு முன்பு இந்தத் தவறு இந்த வகுப்பில் இல்லை. அம்புக்குறி வரைந்தவர்கள் தப்பித்தார்கள். தேர்வு அவசரத்தில் அதை விட்டவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அதைச் சரிசெய்யத் தனியாக வகுப்புகள் எடுக்க வேண்டியிருந்தது. பாடத்திட்டத்தில் புள்ளியியல் பகுதியும் பின்தங்கியது.

விமானப் பிரியனான அந்த மாணவன் இயற்கணிதத்தில் இன்னும் திணறுகிறான். காற்றுக் கணக்கில் சமன்பாடு அமைப்பது வரும், சுருக்குவது வரவில்லை. அதற்கு விமானம் உதவவில்லை.

அடுத்த முறை மாறுபவை

ஆசிரியையும் நானும் பேசி முடிவு செய்தவை இவை. திசைக்கோணப் பாடத்தின் முதல் எடுத்துக்காட்டு 030. 045 கடைசியில்தான் வரும், அதுவும் 'ஏன் இங்கே மட்டும் இரண்டு முறையும் ஒரே விடை தருகிறது?' என்ற கேள்வியாக. முக்கோணவியல் நன்றாக ஊன்றும்வரை திசைக்கோணத்தையே தொடாமல், காற்றுப் பயணத்தையும் எரிபொருளையும் முன்னால் கொண்டுவரலாம். அவற்றுக்குக் கோணமே தேவையில்லை. குறுக்குக்காற்றுக் கணக்கு மட்டும் பின்னால் போகும்.

1.77 கேள்வியை எழுத்துத் தேர்வில் வைக்கலாமா என்று யோசித்து வேண்டாம் என்று விட்டோம். அலகை மறைத்து மதிப்பெண் குறைப்பது பொறி வைப்பதாகிவிடும். வகுப்பில் எல்லாரும் சேர்ந்து விழுந்து எழுந்தால்தான் அதற்குப் பயன்.

விமானங்களுக்குத் தரப்படும் நான்கிலக்க ராடார் குறியீட்டு எண்களை இந்தப் பருவத்தில் தொட முடியவில்லை. ஒவ்வொரு இலக்கமும் 0 முதல் 7 வரைதான். 8-ம் 9-ம் வராது. மொத்தம் 4,096 எண்கள். எட்டை அடியாகக் கொண்ட எண் முறைக்கும் வரிசை மாற்றங்களுக்கும் அது அழகாக ஒத்துவரும் என்றாலும், இந்த வயதுக்குக் கூடுதல் சுமை என்று ஆசிரியை நினைக்கிறார். கணினி அறிவியல் எடுப்பவரிடம் அதை ஒப்படைத்துவிட்டு, மிச்சமாகும் நேரத்தைப் புள்ளியியலுக்குத் தருவதாகத் திட்டம். இயற்பியல் ஆசிரியர் காற்று முக்கோணத்தை (விமானத்தின் வேகத்தையும் காற்றின் வேகத்தையும் அம்புகளாக வரைந்து கூட்டுவதை) தன் பாடத்திலேயே நடத்த ஒப்புக்கொண்டிருக்கிறார். கோண வில்லில் அம்புக்குறி போடும் நிபந்தனை அங்கேயும் பொருந்தும் என்பது மட்டும் எங்கள் தரப்பு ஒப்பந்தம்.